விரல் ரேகையும் இரு வங்காளியரும்

குற்றம் புரிந்தவனைத் தேடிப் பிடிப்பவர் போலீசார். வழக்கை விசாரித்துத் தீர்ப்புக் கூறுபவர் நீதிபதி. இவ்விரு சாராரையும் நாம் நன்கு அறிவோம். இவர்களுக்கு இடையே, சந்தடியற்ற ஓர் அறையில் அமர்ந்து, சான்றுகளை ஆராய்ந்து உண்மையைத் தேர்ந்து கொடுப்போரும் உளர். அவர்களைப் பற்றி நாம் அறிந்தது குறைவே. அத்தகையோருள், கல்கத்தாவில் பணியாற்றிய இருவரின் வரலாற்றை இங்கு நினைவு கூர்வோம். ஒருவர் அஜீஸுல் ஹக். மற்றவர் ஹேமசந்திர போஸ்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நீதிமன்றங்களை வாட்டிய கேள்வி ஒன்று உண்டு. பிடிபட்டவன் தன் பெயரையும் ஊரையும் மாற்றிக் கூறினால், அவன் முன்பு தண்டனை பெற்றவன்தானா என்று எவ்வாறு அறிவது? பிரான்சு நாட்டின் பெர்த்தியோன் ஒரு வழி கூறினார். தலையின் அகலம், கையின் நீளம் முதலியவற்றை அளந்து பதிவு செய்வதே அது. வங்க மாகாணப் போலீசாரும் அதனை மேற்கொண்டனர். ஆனால் ஒரே மனிதனை இருவர் அளந்தால் இருவேறு அளவுகள் வந்தன. அளப்பவரின் கை சிறிது தளர்ந்தாலும் ஆளை அறிய முடியாமற் போயிற்று.

விரல் ரேகை புதிய செய்தியன்று. வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி 1858-ஆம் ஆண்டிலேயே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துடன் கைப்பதிவும் பெற்றார். ஜப்பானில் மருத்துவராயிருந்த ஹென்றி பால்ட்ஸ், குற்றவாளியைக் கண்டறிய ரேகை உதவும் என்று 1880-இல் எழுதினார். ரேகை வாழ்நாள் முழுதும் மாறுவதில்லை என்பதை 1892-இல் வெளியான தம் நூலில் கால்டன் விளக்கினார். ஆயினும் ஒரு தடை எஞ்சியிருந்தது. பல்லாயிரம் பதிவுத் தாள்கள் குவிந்து கிடக்கையில், கையிலுள்ள பதிவுக்கு இணையானதை எங்ஙனம் தேடுவது? ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் நாட்கள் பல கழியும். தேடி எடுக்கும் வழியில்லாத பதிவு, பூட்டிய பெட்டியிலுள்ள பொருளையே ஒக்கும்.

வங்கப் போலீஸ் தலைவராய் இருந்த எட்வர்ட் ஹென்றி இத்தடையை நீக்க முயன்றார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் பயின்று, சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்திருந்த அஜீஸுல் ஹக்கை அவர் இப்பணியில் அமர்த்தினார். ஹக் கண்ட வழி எளியது. அதன் எளிமையே அதன் பெருமை.

ரேகைகளில் வில்லைப்போல் வளைவன உண்டு. கண்ணியைப்போல் மடங்குவன உண்டு. நீர்ச்சுழியைப்போல் சுழல்வனவும் உண்டு. பத்து விரல்களையும் ஐந்து இணைகளாகப் பிரிப்பர். முதல் இணையில் சுழி இருப்பின் அவ்விரலுக்கு 16; அடுத்த இணைகளுக்கு முறையே 8, 4, 2, 1. சுழியில்லா விரலுக்கு மதிப்பில்லை. ஒவ்வோர் இணையிலும் ஒரு விரலின் மதிப்பை மேலும், மற்றதன் மதிப்பைக் கீழும் கூட்டி, இரு தொகைகளுடனும் ஒன்று சேர்த்துப் பின்னமாக எழுதுவர். எவ்விரலிலும் சுழியில்லாதவனுக்கு 1/1. பத்திலும் சுழியுடையவனுக்கு 32/32. ஆகவே 32 வரிசையில் 32 அறைகள், மொத்தம் 1024 அறைகள் கொண்ட ஓர் அலமாரி போதும். பின்னத்தைக் கணக்கிட்டவுடன், எந்த அறையில் தேட வேண்டும் என்பது விளங்கிவிடும். ஹேமசந்திர போஸ் இம்முறையை மேலும் செப்பம் செய்தார். ரேகைக் குறிப்பைத் தந்தி வாயிலாக அனுப்புவதற்குரிய குறியீட்டையும் வகுத்தார்.

சர்க்கார் அமைத்த குழு இம்முறையை ஆராய்ந்து ஏற்றது. 1897 ஜூன் மாதத்தில் இந்திய சர்க்கார் இசைவளித்தது. அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் விரல் ரேகைப் பதிவகம் உருவாயிற்று. உலகில் இதுவே முதலாவது என்பர்.

அதன் முதற் சோதனை ஜல்பைகுரியில் நேர்ந்தது. தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். பணமும் களவு போயிருந்தது. அங்கிருந்த வங்காளிப் பஞ்சாங்கம் ஒன்றில் பழுப்பு நிறக் கறையாய் ஒரு பெருவிரற் பதிவு காணப்பட்டது. அது, முன்பு அவரிடம் வேலை பார்த்துத் திருட்டுக்காகச் சிறை சென்ற ஒருவனின் பதிவோடு ஒத்தது. 1898-இல் நீதிமன்றம் அவனைத் திருட்டுக் குற்றத்திற்காகத் தண்டித்தது. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவ்விரல் அங்கே பட்டது என்பதை மட்டுமே ரேகை கூறிற்று. கொன்றவன் யார் என்பதை அது கூறவில்லை. சான்றின் எல்லையை அறிந்து நின்ற அத்தீர்ப்பை நாம் போற்ற வேண்டும். 1899-இல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, ரேகை வல்லுநரின் கருத்து நீதிமன்றத்தில் இடம் பெற்றது.

ஆனால் ஆளும் கை எல்லை மீறுமாயின் அறிவும் துன்பக் கருவியாகும். பிறப்பினாலேயே சில சமூகத்தாரைக் குற்றவாளிகளாகக் கருதிய குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-இல் அவர்களிடம் ரேகை பெறவும் அதிகாரமளித்தது. அத்தகைய பதிவை எதிர்த்த மக்கள்மீது, மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து பலர் மாண்டனர். அச்சட்டம் 1952-இல் நாடெங்கும் நீங்கியது.

இனி, அவ்விருவருக்கும் கிடைத்தது யாது? 1900-இல் எட்வர்ட் ஹென்றியின் நூல் வெளிவந்தது. முறைக்கு ஹென்றி முறை என்ற பெயரே நிலைத்தது. 1901-இல் அவர் லண்டன் சென்று ஸ்காட்லாந்து யார்டில் இதனை நிறுவினார். ஹக்குக்குத் தக்க மதிப்பு அளிக்க வேண்டும் என்ற கோரிக்கை பின்னர் எழுந்தபோது, 1926-இல் ஹென்றி, தம் அலுவலருள் அவரே மிகுதியும் துணை புரிந்தவர் என்று எழுத்தில் ஒப்பினார். இருவருக்கும் தலா 5,000 ரூபாய் பரிசும், ஹக்குக்குக் கான் பகதூர் பட்டமும், போஸுக்கு ராய் பகதூர் பட்டமும் கிடைத்தன. ஹக் 1935-இல் பீகாரின் மோதிஹாரியில் காலமானார்.

இன்று கணிப்பொறி நொடிப்பொழுதில் ரேகையைத் தேடித் தருகிறது. ஆயினும் ரேகையை எண்ணாக மாற்றித் தேடலாம் என்று காட்டியது கல்கத்தாவின் அந்த அலமாரியே. ஒருவன் யார் என்பதை ஐயமின்றி அறியும் வழியை உலகுக்கு அளித்த இருவரும், தாம் யார் என்பதை உலகம் அறிய நெடுநாள் காத்திருந்தனர். அவர்களுடைய பெயரை அவர்களுடைய பணிக்கு நேரே எழுதி வைப்பது நம் கடன்.