வீடர்ஷைமின் பட்டியல்

1925 ஜூலையில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், டேட்டன் என்ற சிற்றூரில் ஒரு பள்ளி ஆசிரியர்மீது வழக்கு நடந்தது. அவர் பெயர் ஜான் ஸ்கோப்ஸ், வயது 24. மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து வந்தவன் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிக்கக் கூடாது என அந்த ஆண்டு மார்ச்சில்தான் மாநிலம் சட்டம் போட்டிருந்தது. அதை மீறினார் என்பது குற்றச்சாட்டு. இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்கோப்ஸின் வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ, எதிர்த்தரப்பு வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே சாட்சியாக அழைத்து பைபிளைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டதைத்தான் சொல்வார்கள். உடற்கூறியல் கற்றுக்கொடுத்தே வாழ்நாளைக் கழித்தவள் நான். எனக்கு அந்த வழக்கில் பெரிதாகப் படுவது, சிகாகோ பல்கலைக்கழக விலங்கியலாளர் ஹொரேஷியோ ஹாக்கெட் நியூமன் எழுதிக்கொடுத்த வாக்குமூலம்.

விஞ்ஞானிகளின் சாட்சியத்தை ஜூரிகள் கேட்கத் தேவையில்லை என்று நீதிபதி ரால்ஸ்டன் முடிவு செய்துவிட்டதால், மேல்முறையீட்டுக்கு உதவட்டும் என்று அவர்களின் எழுத்து வாக்குமூலங்கள் பதிவேட்டில் மட்டும் சேர்க்கப்பட்டன. மனித உடலில் 180 எச்ச உறுப்புகள் இருப்பதாக நியூமன் அதில் எழுதியிருந்தார். குடல்வால், வால் எலும்பும் அதைச் சேர்ந்த தசைகளும், காதை அசைக்கும் தசைகள், கண்ணின் உள்மூலையில் மூன்றாவது இமையின் மிச்சமாக நிற்கும் சிறு மடிப்பு என்று சிலவற்றைப் பெயர் சொல்லியும் குறிப்பிட்டிருந்தார். எண்ணுக்கு ஆதாரமாக அவர் காட்டியது ஜெர்மானிய உடற்கூறியலாளர் ராபர்ட் வீடர்ஷைமின் நூலை.

வீடர்ஷைம் ஃபிரைபர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர். மனிதனின் உடலமைப்பே அவனுடைய கடந்த காலத்துக்குச் சாட்சி என்று காட்டும் நூலை 1887இல் வெளியிட்டார். விரிவான பதிப்பு 1893இல் வந்தது. அதிலிருந்த எச்ச உறுப்புகளின் பட்டியலுக்குப் பின்னாளில் அதிகம் அடிபட்ட எண் 86. எந்தெந்த வகைகளைச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண் கூடும், குறையும். ஆனால் அவர் போட்ட வரையறையை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. முழுவதுமாகவோ ஓரளவோ செயலிழந்த உறுப்புகள் என்றே அவர் எழுதியிருந்தார். அந்த ‘ஓரளவோ’ வழியிலேயே உதிர்ந்துபோயிற்று. எச்ச உறுப்பு என்றால் ஒன்றுக்கும் உதவாத உறுப்பு என்பதே பள்ளிப் பாடநூல்வரை நிலைத்துவிட்டது.

டார்வின் இதில் கவனமாக இருந்தார். 1859இல் வந்த அவருடைய நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், இரண்டு வேலை செய்த உறுப்பு ஒரு வேலைக்கு உதவாததாகச் சுருங்கி, மற்றொன்றை நன்றாகவே செய்துகொண்டிருக்கலாம் என்று விளக்கியிருக்கிறார். பயனின்மையை ஆயுதமாக்கியவர்களில் முதன்மையானவர் எர்ன்ஸ்ட் ஹேக்கல். நோக்கமில்லாத உறுப்புகளைப் பற்றித் தனி அறிவுத்துறையே வேண்டும் என்று 1866இல் எழுதினார். எல்லாவற்றையும் ஒரு நோக்கத்தோடு கடவுள் படைத்தார் என்போருக்கு அதுவே பதில் என்பது அவர் எண்ணம். வாதத்தின் வேகத்தில் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் ஓர் உறுப்புக்கு வேலையில்லை என்று சொல்லுமளவுக்கு உடலை அந்த நூற்றாண்டு அறிந்திருக்கவில்லை. ஹார்மோன் என்ற கருத்தே 1905இல்தான் பெயர் பெற்றது.

வீடர்ஷைமின் பட்டியலில் இருந்த தைமஸ் சுரப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருப்பது. குழந்தையில் பெரிதாக இருக்கும், பருவ வயதுக்குப் பின் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். அதன் அளவை அன்று பார்த்தது உடற்கூறியல் மேசையில்தான்; அந்த மேசைக்கு வருகிறவர்கள் யார் என்பது எனக்குத் தெரியும். உடல்தானம் பரவும் முன், இங்கேயும் உரிமை கோர ஆளில்லாத உடல்களே வந்தன. பிரிட்டனில் 1832ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகள் விடுதியில் இறந்து, கேட்பாரற்றுக் கிடந்தவர்களின் உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் தந்தது. பட்டினியும் நெடுநாள் நோயும் தைமஸைச் சுருக்கிவிடும். அப்படி வந்த ஏழைக் குழந்தைகளின் சுருங்கிய தைமஸே இயல்பான அளவு என்று நூல்களில் ஏறியது. பிறகு, நன்றாக இருந்த குழந்தை திடீரென இறந்து உடலைத் திறந்து பார்த்தபோது தைமஸ் பெரிதாகத் தெரிந்தது. 1889இல் வியன்னாவில் பால்டாஃப் என்பவர் இதை ஒரு நோயாகவே வகுத்தார். பெரிய தைமஸ் குழந்தையைக் கொல்கிறது என்ற அச்சம் பரவியது. அந்தச் சுரப்பிக்கு முக்கியமான வேலை எதுவும் இல்லை என்ற நம்பிக்கை இருந்ததால் அதைச் சுருக்குவதில் தயக்கமும் இல்லை. 1907 முதல் அமெரிக்காவில் குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ்ரே பாய்ச்சினார்கள், நோயே இல்லாத ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு. கதிர் கழுத்திலிருந்த தைராய்டிலும் பட்டது. 1950இல் நியூயார்க்கில் சிறுவர்களின் தைராய்டுப் புற்றுநோயை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களில் கணிசமானோர் கைக்குழந்தையாக இருந்தபோது தைமஸுக்குக் கதிர் சிகிச்சை பெற்றிருந்ததைக் கண்டார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் தழுதழுக்கும். அந்தத் தாய்மார்கள் நல்லதுக்கென்று நம்பித்தான் பிள்ளையை மேசையில் கிடத்தியிருப்பார்கள்.

தைமஸின் உண்மையான வேலை 1961இல் தெரியவந்தது. லண்டனில் ஜாக் மில்லர் பிறந்த உடனே எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துவிட்டுப் பார்த்தார். அவை மெலிந்தன, தொற்றுக்குப் பலியாயின, வேற்று எலியின் தோலை ஒட்டினால்கூட நிராகரிக்கவில்லை. உடலின் நோய் எதிர்ப்புக்கு அடிப்படையான செல்கள் அங்கேதான் பக்குவமாகின்றன. அதற்குப் பிறகும், நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவாரே, தைமஸில் அந்தச் செல்கள் இருப்பது பெரிய முக்கியத்துவமற்ற பரிணாம விபத்தாகவே கருதப்படும் என்ற கருத்தை 1963இல் முன்வைத்தார். அவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது பழைய எண்ணம். பட்டியலில் இருந்த பினியல் சுரப்பியிலிருந்து 1958இலேயே மெலடோனினைப் பிரித்தெடுத்திருந்தார்கள். குடல்வாலில் நல்ல பாக்டீரியாக்கள் பதுங்கிக் காக்கப்படுகின்றன என்று 2007இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கருத்தை வைத்தார்கள். அதைப் பற்றிய விவாதம் தொடர்கிறது.

மில்லரின் ஆய்வு வந்த அதே 1961இல் விட்கோம், மோரிஸ் இருவரும் பைபிளின் பிரளயத்தைப் பற்றி எழுதிய நூல் அமெரிக்காவில் வெளியாகி, நவீனப் படைப்புவாதத்துக்கு வழி திறந்தது. அவர்களைப் பின்பற்றியவர்கள் வீடர்ஷைமின் பட்டியலை வரிவரியாக அடித்துக்கொண்டே வந்தார்கள். 1990இல் பெர்க்மனும் ஹவ்வும் எச்ச உறுப்புகள் எல்லாமே முழுமையாக வேலை செய்பவை என்று தனி நூலே எழுதினார்கள். பரிணாமத்தை ஏற்ற கனடிய விலங்கியலாளர் ஸ்காடிங்கும் 1981இல், பயனற்றது என்று நிரூபிக்கவே முடியாததால் இந்த உறுப்புகள் சான்றாகா என்று எழுதியிருந்தார். அவருடைய எச்சரிக்கையில் நேர்மை இருக்கிறது. பயனற்றவை என்ற கூற்றின்மேல் வீட்டைக் கட்டியவர்கள்தான் வீட்டை எதிராளியின் கையில் கொடுத்தார்கள்.

ஆனால் வேலை இருக்கிறது என்று காட்டிவிட்டால் வந்த வழி அழிந்துவிடுமா? வால் எலும்பைத் தொட்டு இதை மாணவர்களுக்குக் காட்டுவேன். இடுப்பின் தளத்தைத் தாங்கும் தசைகளில் சில அதில் பிடித்திருக்கின்றன. அது முறிந்தால் உட்காருவதே வேதனை. ஆக வேலை இருக்கிறது. அங்கே காக்சிஜியஸ் என்றொரு தசை உண்டு. நம்மில் இடுப்பின் தளத்தில் ஒரு பகுதியாக இருக்கிறது. நாயில் அதே இடத்தில் இருக்கும் அதே தசை வாலை இழுத்து மடக்குகிறது. திமிங்கிலத்தின் இடுப்பெலும்பும் அப்படித்தான். காலில்லாத விலங்குக்கு எதற்கு அது என்று நெடுநாள் கேட்டார்கள். இனப்பெருக்க உறுப்பின் தசைகளைத் தாங்குகிறது என்று தெரிந்தது, இனச்சேர்க்கைப் போட்டி அதிகமுள்ள இனங்களில் அது பெரிதாக இருப்பதை 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால் அது இடுப்பெலும்பு இல்லாமல் ஆகிவிடவில்லை. எகிப்தின் மணலில் கிங்கெரிச்சின் குழு 1989இல் தோண்டியெடுத்த பேசிலோசாரஸ் என்ற பழங்காலத் திமிங்கிலத்துக்கு, அதே எலும்பின் கீழே முட்டியும் கணுக்காலும் விரல்களுமாகக் குட்டைக் கால்கள் இருந்தன.

டேட்டனில் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். தொகையை ஜூரி முடிவு செய்திருக்க வேண்டும், நீதிபதி முடிவு செய்தது தவறு என்று 1927இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டமோ 1967வரை இருந்தது.

மனிதக் கருவுக்கு நான்காவது வாரத்தில் வால் இருக்கும், எட்டாவது வாரத்துக்குள் மறைந்துவிடும். குரங்கிலிருந்து வாலில்லாக் குரங்குகள் பிரிந்தபோது, சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், வால் வளர்ச்சிக்கான டிபிஎக்ஸ்டி மரபணுவுக்குள் ஒரு சிறு டிஎன்ஏ துண்டு புகுந்திருப்பதை 2024இல் கண்டறிந்தார்கள். மனிதனிலும் சிம்பன்ஸியிலும் கொரில்லாவிலும் ஒராங்குட்டானிலும் அது அதே இடத்தில் இருக்கிறது. அதன் விளைவை எலிகளில் உண்டாக்கிப் பார்த்தபோது சில குட்டை வாலோடும் சில வாலே இல்லாமலும் பிறந்தன. சில குட்டிகளுக்கு முதுகுத்தண்டு முழுமையாக மூடவில்லை. மனிதக் குழந்தைகளில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்றில் நாம் இன்றும் காணும் குறை அது. வாலை இழந்ததற்கு நம் முன்னோர் கொடுத்த விலையாக அது இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.