ஒன்பது விக்கெட்டும் ஒரு தோல்வியும்

1932 லார்ட்ஸ் ஆட்டத்தில் முகமது நிசார் 93 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தும், இந்தியா தன் முதல் டெஸ்டிலேயே தோற்றது. அது அன்றோடு முடிந்துபோன கதை அல்ல. 1983 நவம்பரில் அகமதாபாத் மொட்டேராவில் முதல் டெஸ்ட் நடந்தபோது, முதல் இன்னிங்ஸில் 40 ரன் பின்தங்கிய நிலையில் கபில் தேவ் பந்தைக் கையில் எடுத்தார். எதிரே கிரீனிட்ஜ், ஹெய்ன்ஸ், ரிச்சர்ட்ஸ், லாயிட். உலகக் கோப்பையை ஐந்து மாதங்களுக்கு முன் பறிகொடுத்த கோபத்தோடு வந்திருந்த அணி. கபில் ஒரே முனையிலிருந்து ஓய்வில்லாமல் 30.3 ஓவர் வீசினார். 83 ரன்னுக்கு 9 விக்கெட். மீதி ஒன்று பல்விந்தர் சாந்துவுக்கு. மேற்கிந்தியத் தீவுகள் 201 ரன்னுக்குச் சுருண்டது. டெஸ்ட் இன்னிங்ஸ் ஒன்றில் ஒன்பது விக்கெட் எடுத்த முதல் கேப்டன் கபில்தான். ஆனால் 242 ரன் எடுத்தால் வெற்றி என்று இறங்கிய இந்தியா 103 ரன்னில் ஆட்டமிழந்து, 138 ரன்னில் தோற்றது.

தோற்ற ஆட்டத்தில் எடுத்த விக்கெட்டுக்கு என்ன மதிப்பு, அது வெறும் சொந்தக் கணக்குதானே என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும், ஏனென்றால் 1985-இல் பிரிஸ்பேனில் ரிச்சர்ட் ஹாட்லி 52 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்தார், நியூசிலாந்து இன்னிங்ஸ் வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்த இன்னிங்ஸில் ஹாட்லிக்குக் கிடைக்காத ஒரே விக்கெட்டுக்கும் கேட்ச் பிடித்தவர் அவர்தான். ஆக, ஒன்பது விக்கெட் எடுத்தால் ஜெயிக்க வேண்டியதுதானே? ஸ்கோர் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் விடை கிடைக்கும். மார்ட்டின் குரோ 188, ஜான் ரீட் 108 என்று அடித்து நியூசிலாந்து 7 விக்கெட்டுக்கு 553 ரன் குவித்திருந்தது. ஹாட்லிக்குப் பின்னால் 553 ரன் நின்றது. கபிலுக்குப் பின்னால் 103. இரண்டு பந்துவீச்சையும் முடிவை வைத்து எடைபோட்டால், குரோவின் மட்டையை ஹாட்லியின் கணக்கிலும் நம் பேட்ஸ்மேன்களின் சரிவைக் கபிலின் கணக்கிலும் எழுதுகிறோம் என்றுதான் பொருள். வேகப்பந்து வீச்சாளரை அளக்கச் சரியான கோல், அவர் தன் அணிக்கு எவ்வளவு சிறிய வேலையை மிச்சம் வைத்தார் என்பதே.

அந்தக் கோலை 1999-க்குக் கொண்டு வாருங்கள். ஜனவரி இறுதியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் இரண்டாம் இன்னிங்ஸில் 4 விக்கெட்டுக்கு 275. அப்ரிடி 141 அடித்திருந்தார். ஆட்டம் கைநழுவிவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். அப்போது வெங்கடேஷ் பிரசாத் 18 பந்துகளில் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 5 விக்கெட் எடுத்தார். பாகிஸ்தான் 286-க்கு ஆல் அவுட், பிரசாத் 33-க்கு 6. இலக்கு 271, டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. அடுத்த மாதமே கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். முதல் நாள் காலை பாகிஸ்தான் 26 ரன்னுக்கு 6 விக்கெட். ஜவகல் ஸ்ரீநாத் 46-க்கு 5, பிறகு 86-க்கு 8, மொத்தம் 13 விக்கெட். மறுமுனையில் சயீத் அன்வர் கடைசிவரை அவுட்டாகாமல் 188 அடித்தும், ஸ்ரீநாத் மிச்சம் வைத்த இலக்கு 279தான். 46 ரன்னில் தோல்வி. கலவரத்தால் காலியாக்கப்பட்ட அரங்கில் முடிந்த ஆட்டம் அது. ஆட்ட நாயகன் விருதை அன்வரோடு ஸ்ரீநாத்துக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். தோற்ற அணியின் வீச்சாளருக்கு அந்த மரியாதை கிடைத்தது எனக்கு இன்றும் நிறைவளிக்கிறது.

நான்காம் இன்னிங்ஸில் 240, 270 என்பது லேசான காரியமா என்று மடக்கலாம். லேசானதல்ல, உண்மை. ஆனால் அதைவிடக் குறைக்க ஒற்றை ஆளால் முடியாது. ஒருவர் ஒன்பது எடுத்தார் என்றால் மற்ற நால்வரும் சேர்ந்து ஒன்றுதான் எடுத்தார்கள் என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. இதற்கு வேர் நம் ஊரிலேயே உண்டு. 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தின் முதல் டெஸ்டில் அமர் சிங் இங்கிலாந்துக்கு எதிராக 86-க்கு 7 எடுத்தார். அந்த ஆட்டத்தில் நிசார் இல்லை. மதராஸின் சொந்த வேகப்பந்து வீச்சாளர் எம்.ஜே. கோபாலனும் இல்லை, அவர் வாழ்நாளில் ஆடிய ஒரே டெஸ்ட் அதற்கு முந்தைய கல்கத்தா ஆட்டம். இந்தியா 202 ரன்னில் தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் அதே மைதானத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் இந்தக் கோபாலன். அவரைப் போன்றவர்களை வளர்த்து வைத்திருந்தால் அமர் சிங்குக்குத் துணை கிடைத்திருக்கும். அமர் சிங்கோ 1940-இல், முப்பது வயது நிரம்பும் முன்பே காலமானார்.

துணை எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. 1987-இல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்து பயிற்சி மையத்தில் டென்னிஸ் லில்லியிடம் ஸ்ரீநாத்தும் பிரசாத்தும் கற்றார்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன் 2021-இல் பிரிஸ்பேனில் தன் முதல் டெஸ்டிலேயே 3 விக்கெட் எடுத்தார், இரண்டாம் இன்னிங்ஸில் சிராஜ் 5, தாக்கூர் 4, இந்தியா ஜெயித்தது. வலையை அகல வீசினால் மீன் கிடைக்கும். இந்த இடத்தில் அந்தமான் நினைவுக்கு வருகிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் அந்தத் தீவுகளுக்கு ரஞ்சிக் கோப்பையில் தனி அணி கிடையாது. அங்கே ஒரு பையன் வேகமாக வீசினால், பெரிய பந்தயம் ஆடக் கடல் தாண்டித்தான் வர வேண்டும். இதை நான் சிறிய குறையாக நினைக்கவில்லை.

2018-இல் மெல்பர்னில் பும்ரா எடுத்ததும் 33-க்கு 6தான், பிரசாத்தின் அதே எண். ஆனால் இந்தியா முதலில் 7 விக்கெட்டுக்கு 443 எடுத்து டிக்ளேர் செய்திருந்தது. மறுமுனையில் ஷமியும் இஷாந்தும் இருந்தார்கள். 137 ரன்னில் வெற்றி. ஆறு ஆண்டு கழித்து, 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் ஷமி இல்லை. பும்ரா ஐந்து டெஸ்டில் 32 விக்கெட் எடுத்தார், சராசரி 13.06. கடைசி டெஸ்டில், சிட்னியில், இரண்டாம் நாள் முதுகுவலியோடு மைதானத்தை விட்டுப் போனவர் மறுபடி பந்து வீசவே இல்லை. 162 ரன் இலக்கை ஆஸ்திரேலியா 4 விக்கெட் மட்டும் இழந்து எட்டி, தொடரை 3-1 என்று கைப்பற்றியது.