மழை பொழியும் மலை

யப்பானிய மலை என்றவுடன் ஃபுஜி மலையே நம்மவர் மனக்கண்முன் தோன்றும். நாட்காட்டிகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் அதன் வெண்முடியைக் கண்டு பழகியவர்கள் நாம். ஆயினும் இன்று நேயர்களுக்கு நான் சொல்ல எண்ணியது, அதன் உயரத்தில் மூன்றிலொரு பங்கே உள்ள வேறொரு மலையைப் பற்றியதாகும். தோக்கியோவிலுள்ள சிஞ்சுக்கு நிலையத்தில் புகையிரதம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இசெஹாரா என்னும் ஊரை அடையலாம். அங்கிருந்து பஸ் வண்டியில் அரை மணி நேரம் சென்றால் ஓயாமா மலையின் அடிவாரம். ஓயாமா என்றால் பெரிய மலை என்பதே பொருள். உயரம் 1,252 மீற்றர். நமது கணக்கில் 4,100 அடிக்குச் சற்று மேல். நமது சிவனொளிபாத மலையோடு ஒப்பிட்டால், அதன் பாதியைச் சிறிது தாண்டும், அவ்வளவே.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நவம்பர் 18ஆம் நாள், யப்பானிய நண்பர் ஒருவருடன் அம்மலைக்குச் சென்றேன். அவரும் என்னைப் போலவே சரித்திரம் கற்பிப்பவர். ஆகவே எங்கள் நடை மெதுவாகவும் பேச்சு வேகமாகவும் அமைந்தன.

அடிவாரத்திலிருந்து 362 படிகள் கொண்ட கடைத்தெரு ஒன்று மேலேறுகின்றது. இருமருங்கும் மரப் பம்பரம் விற்கும் கடைகளும், தோஃபு எனப்படும் சோயா அவரைத் தயிர்க்கட்டியைச் சமைத்துப் பரிமாறும் விடுதிகளும் உள்ளன. மலையின் தூய நீரே அந்தத் தோஃபுவின் சுவைக்குக் காரணம் என்பர். படிகள் முடியுமிடத்தில் கம்பி இழுவை வண்டி நிலையம். இவ்வண்டிப் பாதை 1931இல் திறக்கப்பட்டது. போர்க்காலத்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1944இல் தண்டவாளங்களைக் கழற்றி எடுத்துச் சென்றுவிட்டார்கள். மீண்டும் வண்டி ஓடியது 1965இல்தான். நாங்கள் வண்டியில் ஏறவில்லை. நடப்பவர்க்கு அங்கே இரு வழிகள் உண்டு. செங்குத்தான வழிக்கு ஆண்கள் சரிவு என்றும், சற்றே சாய்வான வழிக்குப் பெண்கள் சரிவு என்றும் பெயர். எனது முழங்கால்களைக் கலந்தாலோசித்த பின்னர், பெண்கள் சரிவையே தெரிந்தெடுத்தேன். நண்பர் மரியாதையின் பொருட்டு ஒன்றும் கூறவில்லை.

இந்த மலைக்கு மற்றொரு பெயர் அஃபுரி. மழை பொழிதல் என்னும் பொருளுடைய சொல்லின் திரிபு அது. பசிபிக் சமுத்திரத்திலிருந்து எழும் ஈரக்காற்று இம்மலையில் மோதி முகிலாகத் திரள்கிறது. கீழேயுள்ள சமவெளி உழவர்கள் மலைமுடியில் முகில் தங்குவதைக் கண்டே மழையை எதிர்பார்த்தனர். வறட்சி வந்தால் மலைக்கு வந்து மழை வேண்டினர். 927இல் தொகுத்து முடிக்கப்பட்ட எங்கிஷிகி என்னும் அரசாங்க விதிநூல், தேவாலயங்களின் பட்டியலில் அஃபுரி ஆலயத்தையும் குறிக்கின்றது. அதற்கும் முன்னதாக, 755ஆம் ஆண்டில் ரோபென் என்னும் துறவி இம்மலையில் பௌத்தக் கோயிலை நிறுவினார் என்பது கோயில் மரபு. ஆக, மலைமுடியிலுள்ள புனிதக் கல்லும் மலைநடுவிலுள்ள பௌத்த மூர்த்தியும் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக ஒரே வழிபாட்டின் இரு முகங்களாக விளங்கின. வந்தவர்கள் எது சின்தோ, எது பௌத்தம் என்று பிரித்துப் பார்த்தவர்களல்லர்.

எதோ என்று அக்காலத்தில் வழங்கிய தோக்கியோ நகரம் பத்து இலட்சம் மக்களைக் கொண்டு வளர்ந்த காலத்தில், ஓயாமா யாத்திரை பெரும் புகழ் பெற்றது. சாதாரண மக்கள் நினைத்தவாறு ஊர் விட்டு ஊர் செல்லத் தோக்குகாவா ஆட்சி இடந்தரவில்லை. யாத்திரை என்றால் மட்டும் தடை தளரும். தச்சரும் தீயணைப்போரும் குழுக்களாகச் சேர்ந்து பணம் சேமித்துப் புறப்பட்டனர். முதலில் சுமிதா ஆற்றில் மூழ்கித் தூய்மை பெறுவர். பின்னர் ஆளுயரத்தையும் மிஞ்சிய மரவாளைத் தோளிற் சுமந்து நடப்பர். மினமோத்தோ யொரித்தோமோ என்னும் படைத்தலைவன் தன் வெற்றிக்காக வாள் காணிக்கை செய்தான் என்ற கதையிலிருந்து இவ்வழக்கம் வந்ததாம். மலையடியில் ரோபென் பெயரைக் கொண்ட அருவியில் மீண்டும் நீராடுவர். ஹொக்குசாய் என்னும் பேரோவியர் அருவிகளை வரைந்த தொகுதியில் இந்த அருவியும் அடியார் கூட்டமும் இடம்பெற்றுள்ளன. ஃபுஜி மலையின் தேவி ஓயாமாத் தெய்வத்தின் மகள் என்பது ஐதிகம். ஆதலால் ஒன்றை மட்டும் தரிசித்து வீடு திரும்பினால் யாத்திரை பாதியே என்றும் சொல்லிக்கொண்டனர். பயணத்தை நீட்டிக்க இதனினும் நல்ல காரணம் வேண்டுமோ!

பெண்கள் சரிவின் நடுவே ஓயாமா கோயில் உள்ளது. கற்படிகளின் இருபக்கமும் நிற்கும் மேப்பிள் மரங்கள் மேலே கைகோத்துக் கூரை அமைத்திருந்தன. இலைகள் முற்றாகச் சிவக்கவில்லை. ஒரே கிளையில் பச்சையும் பொன்னும் குங்குமமும் கலந்திருந்தன. நமது நாட்டில் இலையுதிர்காலம் என ஒன்றில்லாமையால், அதைச் சொல்லால் உணர்த்துவது எனக்குக் கடினமாயிருக்கிறது.

உள்ளே எழுந்தருளியிருப்பவர் ஃபுதோ மியோஓ. வலக்கையில் வாள், இடக்கையில் பாசம், பின்னே தீச்சுடர், சினந்த முகம். 13ஆம் நூற்றாண்டில் இரும்பில் வார்க்கப்பட்டவர். மாதத்தில் 8, 18, 28 ஆகிய நாட்களிலேயே திருக்கதவம் திறப்பர். நாங்கள் சென்ற நாள் அவ்வாறு பொருந்தியது. ஃபுதோ என்றால் அசையாதவர். வடமொழிப் பெயர் அசலர். அசலம் என்பது மலையையும் குறிக்குமென்பதை அருணாசலம் என்று பெயரிடும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இவரைப் போற்றும் மந்திர பௌத்தத்தைச் சீனத்திலிருந்து யப்பானுக்குக் கொணர்ந்தவர்களுள் தலையாயவர் கூக்காய். 806இல் நாடு திரும்பினார். அவருடைய குருபரம்பரையில் வச்சிரபோதி என்னும் தென்னிந்தியர் ஒருவர் உண்டு. காஞ்சி அரசவையோடு தொடர்புடையவராகச் சீன வரலாறுகள் கூறும் அவர், சீனத்துக்குக் கப்பலேறுமுன் இலங்கைக்கு வந்து, அபயகிரியில் தங்கி, சிவனொளிபாத மலையிலும் ஏறினாராம். இதனை நான் கூறியபோது நண்பர் தம் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

கோயிலுக்கு மேலே, ஏறக்குறைய 700 மீற்றர் உயரத்தில், அஃபுரி ஆலயத்தின் கீழ்ச்சந்நிதி விசாலமான முற்றத்துடன் விளங்குகிறது. சாகாமி விரிகுடாவின் நீர்ப்பரப்பு தொலைவில் மின்னியது. "நாம் நிற்கும் இந்த இடத்தில்தான் முன்பு ஃபுதோவின் கோயில் இருந்தது" என்றார் நண்பர். 1868இல் மெய்ஜி அரசாங்கம் அமைந்தவுடன், தேவர்களையும் புத்தர்களையும் பிரிக்குமாறு ஆணை பிறந்தது. பேரரசரைத் தேவ வழித்தோன்றலாக உயர்த்துவதற்குக் கலப்பில்லாச் சின்தோ தேவைப்பட்டது. நாடெங்கும் எத்தனையோ புத்த மூர்த்திகள் உடைபட்டன, எரியுண்டன, விற்கப்பட்டன. ஓயாமாவிலும் பௌத்தக் கோயில் அகற்றப்பட்டது. 1873இல் கொந்தா நவோசுகே என்னும் தேசியக் கல்வி அறிஞர் ஆலயத் தலைமையை ஏற்று, வழிபாட்டைச் சின்தோ முறைக்கு மாற்றியமைத்தார். அவர் கற்றவர், கொடியவரல்லர். ஆயினும், ஆயிரம் ஆண்டு ஒன்றாயிருந்ததை ஏட்டில் ஒரு கோடிட்டுப் பிரிக்கலாம் என அக்காலக் கற்றோர் நம்பினர் என்பதை எண்ணும்போது, கற்பிக்கும் தொழிலில் உள்ள எனக்குச் சற்றே அச்சம் தோன்றியது.

இரும்பு மூர்த்தி மட்டும் அழிவுக்குத் தப்பினார். அடியார்கள் பொருள் திரட்டி, மலைச்சரிவில் கீழே, இப்போதுள்ள இடத்தில் 1885இல் அவருக்குக் கோயில் எழுப்பினர். ஓயாமா கோயில் என்னும் பழம்பெயர் 1915இல் திரும்பி வந்தது.

கீழ்ச்சந்நிதிக்கு அப்பால் வழி கரடுமுரடானது. வேர்களும் பாறைகளுமே படிகள். தூரத்தைக் காட்ட 28 கல் அடையாளங்கள் உள. இருபதாவதன் அருகே மரங்கள் விலக, ஃபுஜி மலை புதுப்பனியுடன் காட்சி தந்தது. முற்காலத்தில் இந்த மேல்வழி கோடையில் மூன்று வாரம் அளவிலேயே திறக்கப்பட்டது. பெண்களுக்கு எக்காலத்தும் அனுமதியில்லை. அத்தகைய தடைகளை 1872இல் அதே மெய்ஜி அரசாங்கமே நீக்கியது; இதையும் சொல்லாமல் விடுவது நீதியாகாது. ஒன்றரை மணி நேரம் ஏறி மூச்சிரைக்க முடியை எய்தியபோது, பாடசாலை மாணவிகள் இருபதின்மர் எங்களுக்கு முன்னரே அங்கமர்ந்து சோற்றுருண்டை உண்டுகொண்டிருந்தனர். எனக்கு இடம் விட்டு நகர்ந்தமர்ந்தார்கள்.

இறங்கும்போது நண்பர் 1923ஆம் ஆண்டைப் பற்றிக் கூறினார். செப்டம்பர் முதலாம் நாள் பெருநிலநடுக்கத்தில் தளர்ந்திருந்த மலை, 15ஆம் நாள் கொட்டிய மழையில் சரிந்து, அடிவார வீடுகள் பலவற்றை வாரிச்சென்றது. முன்கூட்டியே மக்களை அகற்றியதால் உயிர்ச்சேதம் மிகக் குறைவு. மழை தரும் மலை மழையாலேயே தண்டித்த கதை அது.

காலையில் ஃபுதோ சந்நிதியில் ஒரு வயோதிபத் தம்பதியரைக் கண்டிருந்தேன். பின்னர் கீழ்ச்சந்நிதியிலும் அவர்களே நின்றனர். அங்கே கைகூப்பி, இங்கே இருமுறை கைதட்டி வணங்கினர். மாலையில் பஸ் நிலையத்திலும் எங்களுக்கு முன்னே வரிசையில் நின்றார்கள். அம்மூதாட்டியின் பையில் கோயிலின் காப்புச்சீட்டும் ஆலயத்தின் காப்புச்சீட்டும் ஒரே நூலாற் கட்டப்பட்டிருந்தன. பஸ் புறப்பட்டபோது மலைமுடி முகிலுக்குள் மறைந்திருந்தது. இசெஹாராவை அடையுமுன் மழை தொடங்கிவிட்டது.