உமணர் பிள்ளைகளும் பால்பல் சந்தும்

மரக்காணம் என்றதும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்புதான் நினைவுக்கு வரும். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. (எயிறு என்றால் பல். ஆனால் ஊர்ப்பெயரில் இருப்பது எயில், அதாவது மதில். ஏமாந்துவிடக் கூடாது!)

அதே நூலில் உப்பு வணிகர்களான உமணரைப் பற்றி ஒரு காட்சி உண்டு. இடம் பாண்டிய நாட்டுக் கொற்கைப் பக்கம். உப்பு வண்டிகளோடு வந்த ஒரு மந்தி, பெண்களின் பல்லைப் போன்ற முத்துகளைக் கிளிஞ்சலுக்குள் அடைத்து, உமணர் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. முத்துப்பல் என்ற உவமை அவ்வளவு பழையது.

முத்துப்பல் என்றால் நெருக்கிக் கோத்த சரம் போல இருக்க வேண்டும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தை சிரிக்கும்போது பல்லுக்குப் பல் சந்து தெரிந்தால் வீட்டில் கவலை வந்துவிடுகிறது. ஆனால் கவனிக்க வேண்டியது சந்தே இல்லாத பால்பல் வரிசையைத்தான். மருத்துவ உலகம் இதைத் தெளிவாக அறிய ஏறக்குறைய 200 ஆண்டுகள் பிடித்தன.

1771-ல் இங்கிலாந்தின் ஜான் ஹண்டர் மனிதப் பற்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தாடை பின்பக்கமாகவே நீளுகிறது, பால்பற்கள் நிற்கும் முன்பகுதி அதிகம் வளர்வதில்லை என்று காட்டினார். பிரான்சில் டெலபார் என்பவர் 1819-ல் பால்பற்களுக்கு இடையிலுள்ள சந்துகளைப் பற்றி எழுதினார். குழந்தை வளர வளர இந்தச் சந்துகள் திறக்கும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நீடித்தது. அதை அசைத்தவர் லூயி பாம். பல் அச்சுகளை வைத்து அவர் 1950-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு எளிது: முளைக்கும்போதே சந்து இருந்தால் உண்டு, இல்லையென்றால் பிறகு வருவதில்லை.

மேல்வரிசையில் கோரைப்பல்லுக்கு முன்னாலும் கீழ்வரிசையில் அதற்குப் பின்னாலும் பல குழந்தைகளுக்கு ஒரு தனிச் சந்து இருக்கும். குரங்கினங்களிலும் காணப்படுவதால் அவற்றின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். கிலுகிலுப்பை ஆடிய மந்தியின் வாயிலும் இருந்திருக்கும்!

சந்து எதற்கு? புதிதாக வரும் நிலைப்பற்கள் பெரியவை. நான்கு வெட்டுப்பற்களுக்கு மட்டும் பால்பற்கள் விட்டுச்செல்லும் இடத்தைவிட மேலே சராசரி 7.6 மில்லிமீட்டரும், கீழே 6 மில்லிமீட்டரும் கூடுதலாக வேண்டும். பல்வரிசை சற்று அகல்வதாலும், புதுப்பற்கள் முன்னோக்கிச் சாய்ந்து வருவதாலும் கொஞ்சம் இடம் கிடைக்கும். பெரும் சேமிப்பு சந்துதான். லெய்ட்டன் 1969-ல் இதற்குக் கணக்கே போட்டார். மொத்தச் சந்து 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நிலைப்பற்கள் நெருக்கியடிக்க வாய்ப்பில்லை. 3 முதல் 6 வரை என்றால் ஐவரில் ஒருவருக்கு. 3-க்கும் கீழே என்றால் இருவரில் ஒருவருக்கு. சந்தே இல்லாவிட்டால் மூவரில் இருவருக்கு! பால்பற்களே நெருக்கியடித்து நின்றால் தப்பவே முடியாது.

இன்னொரு சேமிப்பும் உண்டு. பால் கடைவாய்ப்பற்கள், அவற்றுக்குப் பின் வரும் பற்களைவிட அகலமானவை. கோரைப்பல்லையும் சேர்த்துக் கணக்கிட்டு, பக்கத்துக்குக் கீழே 1.7, மேலே 0.9 மில்லிமீட்டர் மிஞ்சும் என்றார் நான்ஸ், 1947-ல். இந்தச் சேமிப்புதான் வீட்டிலேயே கரைந்துபோகிறது. பால் கடைவாய்ப்பல் சொத்தையானால், "எப்படியும் விழப்போகிற பல்தானே" என்று பிடுங்கிவிடுகிறார்கள். ஆறு வயதில் பின்னால் முளைத்த நிலைப்பல் அந்தக் காலி இடத்தில் முன்னே சாய்ந்துவிடும். பதினோரு வயதில் வரும் மேல் கோரைப்பல்லுக்கு இடம் இருக்காது, தெத்துப்பல்லாக ஈறின் மேலே ஏறி நிற்கும்.

சென்னையில் அரசு பல் மருத்துவப் படிப்பு தொடங்கியதே 1953-ல், பாமின் ஆய்வு வந்து மூன்றாண்டுகள் கழித்து. பல்லைப் பிடுங்க நேர்ந்தாலும் அந்த இடத்தைக் காக்கச் சிறு கம்பி வளையம் ஒன்றைப் பொருத்தலாம். புதுப்பல் எட்டிப் பார்க்கும்வரை அது இருந்தால் போதும்.