அன்ரிம் கடற்கரை வீதி

அயர்லாந்துத் தீவின் வடகிழக்கு மூலையிலே, லார்ண் என்னும் துறைமுகப் பட்டினத்திலிருந்து குஷென்டோல் வரை ஏறக்குறைய 25 மைல் தூரத்துக்கு ஒரு வீதி செல்கின்றது. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் செங்குத்தான பாறை. அங்கே இன்று மோட்டாரிற் செல்வோர் பெரும்பாலும் காட்சியின்பம் நாடியே செல்கின்றனர். வீதி அமைந்த காரணமோ வேறு.

அன்ரிம் மலைகளை ஒன்பது பள்ளத்தாக்குகள் பிளந்து நிற்கின்றன. முற்காலத்தில் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குச் செல்வோர், குதிரையும் ஏறத் தயங்கும் மேடுகளையும் சேற்று நிலங்களையும் கடக்கவேண்டும். கடல்வழியோ எளிது. எதிரே ஸ்கொத்லாந்தின் கின்ரயர் முனை, கரை மிக நெருங்குமிடத்தில், ஏறக்குறைய 13 மைல் தூரமே. ஆதலால் இம்மக்களுக்கு ஸ்கொத்லாந்து அயலூர், பெல்பாஸ்ற் தூரதேசம். மக்டொனல் குலத்தார் இரு கரையிலும் அதிகாரஞ் செலுத்திய காலமும் உண்டு. இவர்கள் பேசிய ஐரிஷ் மொழிக்கும் அக்கரைக் கேலிக் மொழிக்கும் நெருங்கிய உறவு.

1832இல் வேலை தொடங்கியது. அதனை நடத்தியவர் வில்லியம் போல்ட் என்ற ஸ்கொத்லாந்துப் பொறியியலாளர். மேற்கு அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தை அளந்து பெரிய நிலப்படம் வரைந்தவர். மலைமேல் வழி தேடும் பழைய எண்ணத்தை அவர் கைவிட்டார். அலை மோதும் பாறையடியிலேயே வீதி போடத் துணிந்தார். வெடிமருந்திட்டுப் பாறையைத் தகர்த்தார்கள். விழுந்த கற்கள் கரையிற் குவிந்தன. அந்தக் குவியலே வீதிக்கு அத்திவாரமாகவும் அலைக்கு அணையாகவும் அமைந்தது! வேறெங்கிருந்தோ கல் சுமந்து வந்திருந்தால் வேலை எத்தனை ஆண்டு இழுத்திருக்குமோ!

அங்கே மேலே எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல். அதன் கீழ் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல். அடியிலே நீர் ஊறினால் வழுக்கும் களிமண். 1842இல் வீதி முடிந்தது, களிமண் அடங்கவில்லை. பலிகாலிக்கும் கிளெனாமுக்கும் இடையில் மண் சரிந்து வீதியை மறிப்பதுண்டு.

வீதியால் சந்தையும் தபாலும் வந்தன. அவற்றோடு ஆங்கிலமும் விரைந்து வந்தது. வீதியை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. 1831இல் அயர்லாந்தில் தொடங்கிய தேசியப் பாடசாலைகள் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. பாடசாலை அதிபராகிய நான் அதனை மறைத்துப் பேசுதல் தகாது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் மூண்டது. அயர்லாந்தெங்கும் ஊர்விட்டுப் போனோர் பலர். 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது, இப்பள்ளத்தாக்குகளில் ஐரிஷ் பேச்சு பெரும்பாலும் முதியோர் வாயிலேயே எஞ்சியிருந்தது.

அம்மொழியையும் பழைய விளையாட்டுகளையும் கைத்தொழில்களையும் மீட்க விரும்பியோர், 1904இல் கிளெனாரிவ் பள்ளத்தாக்கிலே ஒரு விழா எடுத்தனர். 'பள்ளத்தாக்குகளின் விழா' என்னும் பொருள்பட ஐரிஷ் மொழியிலேயே அதற்குப் பெயரிட்டனர். கிளெனாரிவ் கடலை நோக்கித் திறக்கும் வாயிலிலே போல்டின் வீதி குறுக்கே செல்கின்றது. லார்ணிலிருந்து கரையோரமாக விழாவுக்கு வருவோர் இன்றும் அவ்வீதியாலேயே வருகின்றனர்.