பொட்டலம் கட்டி விற்ற இணையம்: தென்னாப்பிரிக்கக் கிராமங்களின் கதை

2020 ஏப்ரல். உலகமே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நேரம். எங்கள் புராஜெக்டில் ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த ஒருவர் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரடங்கு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் கிளம்பி, ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் அம்மா இருக்கும் கிராமத்துக்குப் போய்விட்டார். நான் எங்கள் செயலியின் புது வெர்ஷனை ஏற்றிவிட்டு, இறக்கிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று செய்தி அனுப்பினேன். 180 எம்பி. பதிலே இல்லை. மறுநாள் காலையில்தான் வந்தது. இரவு 12 மணிக்கு மேல் எழுந்து இறக்கினாராம். அவர் வாங்கியிருந்த டேட்டாவில் பாதி நள்ளிரவுக்குப் பிறகுதான் செல்லுபடியாகும்.

நான் கொஞ்சம் அசட்டுத்தனமாக, "ஏன், உங்க ஊர்ல டவர் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் மனசில் இருக்கிறது. "வாசல்ல நின்னா டவர் தெரியுது. டேட்டா வாங்கத்தான் காசு இல்ல."

கிராமத்தில் இணையம் இல்லை என்றால் தூரம், மலை, டவர் இல்லாமை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம், வார இறுதிகளில் தென்னாப்பிரிக்கத் தொலைத்தொடர்பு வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புகளின் சுருக்கம்தான் இந்தக் கட்டுரை.

வந்து போன கம்பி

நிறவெறி ஆட்சிக் காலத்தில் தொலைபேசி என்பது வெள்ளையர் நகரங்களுக்கும் பண்ணைகளுக்குமான வசதி. கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்த 'தாயகப் பகுதி'களில் கம்பி அரிது. என் நண்பரின் அம்மா ஊர் இருப்பது அப்படிப்பட்ட பழைய டிரான்ஸ்கை பகுதியில்தான்.

1994-ல் மண்டேலா ஆட்சி வந்தது. 1997-ல் அரசு, டெல்காம் நிறுவனத்தின் 30 சதவீதப் பங்கை அமெரிக்காவின் எஸ்பிசி, மலேசியாவின் டெலிகாம் மலேசியா ஆகிய இரண்டும் சேர்ந்த கூட்டணிக்கு 126 கோடி டாலருக்கு விற்றது. கூடவே ஒரு பேரமும் இருந்தது: ஐந்து வருடத்துக்கு லேண்ட்லைனில் உங்களுக்குப் போட்டியே கிடையாது. பதிலுக்கு லட்சக்கணக்கில் புது இணைப்பு போடணும், அதிலும் இதுவரை கம்பி போகாத இடங்களுக்கு முன்னுரிமை தரணும்.

கணக்குப்படி பார்த்தால் வேலை நடந்தது. 2002-க்குள் 20 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளைப் போட்டார்கள். ஆனால் அதே ஐந்து வருடத்தில் மாத வாடகையும் உள்ளூர் அழைப்புக் கட்டணமும் ஏறிக்கொண்டே போயின. பேசினாலும் பேசாவிட்டாலும் மாதம் பிறந்தால் வாடகை கட்டணும். நிலையான சம்பளம் இல்லாத வீடு எத்தனை மாதம் கட்டும்? போட்ட இணைப்புகளில் பெரும்பகுதி துண்டிக்கப்பட்டது. மிச்சமிருந்த இடங்களில் செம்புக் கம்பியைத் திருடர்கள் வெட்டிக்கொண்டு போனார்கள்.

இது இணையத்தையும் பாதித்தது. 2002-ல் டெல்காம் ஏடிஎஸ்எல் கொண்டுவந்தபோது, அதற்குத் தேவை எக்ஸ்சேஞ்சிலிருந்து சில கிலோமீட்டருக்குள் நல்ல செம்புக் கம்பி. கம்பியே இல்லாத ஊருக்கு பிராட்பேண்ட் எங்கிருந்து வரும்?

கண்டெய்னர் கடையும் பிரீபெய்டும்

இன்னொரு பக்கம் செல்பேசி. வோடாகாம், எம்டிஎன் இரண்டுக்கும் 1993-ல் லைசென்ஸ் கொடுத்தபோது அரசு ஒரு நிபந்தனை வைத்தது. வசதி இல்லாத பகுதிகளில் வோடாகாம் 22,000, எம்டிஎன் 7,500 சமுதாயத் தொலைபேசிகளைக் குறைந்த கட்டணத்தில் வைக்கணும். வோடாகாம் பழைய கப்பல் கண்டெய்னர்களில் செல்பேசி இணைப்பு கொடுத்து, அவற்றை உள்ளூர்க்காரர்கள் கையில் கடையாகக் கொடுத்தது. நம்ம ஊர் எஸ்டிடி பூத்தின் இரும்புப்பெட்டி வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1996-ல் பிரீபெய்ட் வந்தது. வங்கிக் கணக்கு வேண்டாம், சம்பளச் சீட்டு வேண்டாம், மாத வாடகை இல்லை. காசு இருக்கும்போது டாப்-அப், இல்லாதபோது சும்மா வைத்திருக்கலாம். கம்பி எதில் தோற்றதோ அதில் பிரீபெய்ட் ஜெயித்தது. தென்னாப்பிரிக்கக் கிராமத்தை உலகத்தோடு இணைத்தது எது என்று கேட்டால், டவரைவிட இந்த விற்பனை முறையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

காசில்லாதவர்கள் அதற்குள்ளும் வழி கண்டுபிடித்தார்கள். நாம் மிஸ்டு கால் கொடுத்த காலத்தில் அங்கே 'ப்ளீஸ் கால் மீ' என்று இலவசச் செய்தி அனுப்பினார்கள். 2001-ல் வோடாகாம் கொண்டுவந்த சேவை அது. யோசனை சொன்னவர் அங்கே பயிற்சிக் கணக்காளராக இருந்த இன்கோசானா மகாடே. படித்துக்கொண்டிருந்த அவருடைய காதலியிடம் கூப்பிடக் காசு இருக்காது, அதிலிருந்து பிறந்த யோசனை. அதற்கான பங்கைக் கேட்டு அவர் நடத்திய வழக்கில் 2016-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

பிறகு ஸ்டெல்லன்போஷ் நகரத்திலிருந்து வந்த மிக்ஸிட். சாதாரண ஜாவா போனில் ஓடும் சாட் செயலி. ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும் காசில் பல பத்துச் செய்திகள் அனுப்பலாம். வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு இணையம் என்றால் அதுதான்.

கரைக்கு வந்த கேபிள்

2009 ஜூலையில் சீகாம் கடலடிக் கேபிள் வேலை செய்ய ஆரம்பித்தது. அதன் ஒரு கிளை மும்பைக்கும் வருகிறது. தென்னாப்பிரிக்காவில் அது கரையேறிய இடம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் ம்துன்சினி என்ற சிற்றூர். அதுவரை டெல்காம் கைவசம் இருந்த சாட்-3 கேபிளையே நாடு பெரிதும் நம்பியிருந்தது. இனி விலை சரியும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அதே மாகாணத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. வேகக் குறைவால் வெறுத்துப்போன ஒரு நிறுவனம், வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் 4 ஜிபி மெமரி கார்டைக் கட்டி, ஹோவிக்கிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி டர்பன் அருகே உள்ள ஹில்கிரெஸ்டுக்குப் பறக்க விட்டது. அதே கோப்பை ஏடிஎஸ்எல் வழியாகவும் அனுப்பினார்கள். புறா 1 மணி 8 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. கார்டிலிருந்து கோப்பை ஏற்றி முடித்ததையும் சேர்த்து 2 மணி 7 நிமிடம். அதற்குள் கம்பி வழியாகப் போனது 4 சதவீதம்!

உலகமே சிரித்தது. எனக்கு அதில் வேறொரு விஷயம் தெரிகிறது. கேபிள் கரைக்கு வந்துவிட்டால் ஊருக்குள் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. கரையிலிருந்து வீடு வரைக்குமான பாதை யார் கையில் இருக்கிறதோ, விலையும் அவர் கையில்தான்.

சின்னப் பொட்டலத்தின் விலை

கிராமத்தில் அந்தக் கடைசிப் பாதை செல்பேசி நிறுவனங்களுடையது. அவர்கள் டேட்டாவைப் பொட்டலம் கட்டி விற்றார்கள். ஒரு மணி நேரத்துக்கு, ஒரு நாளைக்கு, ஒரு வாரத்துக்கு, இரவுக்கு மட்டும் என்று விதவிதமாக. பிரீபெய்ட் திறந்துவிட்ட கதவு இங்கேதான் பாதி மூடியது. சின்னப் பொட்டலமாக வாங்க வாங்க, ஒரு எம்பியின் விலை கூடிக்கொண்டே போனது.

2016-ல் 'டேட்டா விலை விழட்டும்' என்ற இயக்கம் சமூக ஊடகங்களில் பரவியது. 2017-ல் போட்டி ஆணையம் விசாரணை தொடங்கி 2019 டிசம்பரில் இறுதி அறிக்கை தந்தது. இரண்டு பெரிய நிறுவனங்களின் விலை முறை ஏழைகளுக்கு எதிரானது என்று வெளிப்படையாகவே அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அப்போது 30 நாள் செல்லும் 1 ஜிபி டேட்டா 149 ராண்ட், அன்றைய மதிப்பில் சுமார் 700 ரூபாய். அந்த வருடம் ஏழைக் குடும்பத்துக் குழந்தைக்கு அரசு தந்த மாத உதவித்தொகையே 420, 430 ராண்ட்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு 1 ஜிபிக்குப் போகும். அந்த 1 ஜிபியையும் மொத்தமாக வாங்க முடியாதவர்கள், சில்லறையாக அதைவிட அதிகம் கொடுத்து வாங்கினார்கள்.

2020 ஏப்ரலில் விலை 99 ராண்டாகக் குறைந்தது. என் நண்பர் நள்ளிரவில் எழுந்து அப்டேட் இறக்கிய அதே மாதம்.

வீணான அலைகள்

தூரத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 2ஜி சிக்னல், தடையில்லாத இடத்தில் 35 கிலோமீட்டர் வரைகூடப் போகும். 2004 கடைசியில் வந்த 3ஜிக்குக் கொடுத்த 2100 மெகாஹெர்ட்ஸ் அவ்வளவு தூரம் போகாது. கிராமத்தில் 4ஜி கொடுக்க ஏற்றது 700, 800 மெகாஹெர்ட்ஸ். ஆனால் அதில் பழைய அனலாக் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாற வேண்டிய சர்வதேசக் கெடு 2015 ஜூன். அது தவறியது. கடைசியில் அலைக்கற்றை ஏலம் நடந்தது 2022 மார்ச்சில். அரசுக்கு 1,440 கோடி ராண்ட் கிடைத்தது. கிராமத்துக்கு அதற்குள் ஏழு வருடம் போயிருந்தது. போதாக்குறைக்கு மின்வெட்டு வேறு. கரண்ட் போனால் டவரைத் தாங்கும் பேட்டரிகளையும் திருடினார்கள்.

மன்கோசி

இந்தத் தேடலில் எனக்கு ரொம்பப் பிடித்த ஊர் மன்கோசி. பழைய டிரான்ஸ்கையில், இந்தியப் பெருங்கடலை ஒட்டிய மேட்டுநிலக் கிராமம். 2012 வாக்கில் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அங்கே போனார்கள். ஊர்த் தலைவரோடும் பெரியவர்களோடும் கூடிப் பேசினார்கள். எந்தெந்த வீட்டுக் கூரையில் கருவி வைப்பது என்பதை ஊரே முடிவு செய்தது. சூரிய மின்தகடு, பேட்டரி, 'மெஷ் பொட்டேட்டோ' என்ற சின்ன வைஃபை பெட்டி, அவ்வளவுதான். ஒரு வீட்டுப் பெட்டி அடுத்த வீட்டுப் பெட்டியோடு பேசும், அது அதற்கடுத்த வீட்டோடு. ஊருக்குள் பேசக் காசில்லை.

ஆரம்பத்தில் வருமானம் இணையத்திலிருந்து வரவில்லை. மின்சாரம் இல்லாத ஊரில் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்த சில்லறைக் காசுதான் முதல் வருமானம். 2014-ல் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் லைசென்ஸ் விலக்கு தந்தது. பெயர் 'ஸென்ஸெலெனி'. ஐசிகோசா மொழியில் 'நீங்களே செய்துகொள்ளுங்கள்' என்று பொருள். பிறகு இணையமும் வந்தது, ஒரு கருவிக்கு மாதம் 25 ராண்ட், அளவில்லாமல். பக்கத்தில் மருத்துவமனை இருக்கும் ஸிதுலேலேயில் இரண்டாவது சங்கமும் தொடங்கியது.

நாடு முழுக்க இது நடக்குமா என்றால், சந்தேகம்தான். ஆனால் இது ஒன்றை நிரூபித்துவிட்டது. அதே மலை, அதே தூரம், அதே ஏழ்மை. மாறியது, யார் விற்கிறார்கள், எந்த அளவில் விற்கிறார்கள் என்பது மட்டும்தான்.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் டீமில் ஒரு வேலை பார்த்தோம். மாறிய பகுதியை மட்டும் அனுப்பும்படி அப்டேட்டைத் திருத்தினோம். 180 எம்பி, 11 எம்பி ஆனது. ஒரு வார வேலைதான். அதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று நண்பர் கேட்கவில்லை. செய்தி மட்டும் அனுப்பினார், பகலிலேயே, மதியம் இரண்டு மணிக்கு: "இறக்கிட்டேன்."