பூஜை அறையில் ஒரு வெள்ளைக்காரர்!

கம்பம் பள்ளத்தாக்குக்கு வேலை மாறுதலாகியோ கல்யாணமாகியோ புதிதாக வருபவர்கள் முதலில் குழம்புவது ஒரு படத்தைப் பார்த்துத்தான். டீக்கடை, உரக்கடை, ஏன், சில வீடுகளின் பூஜை அறையில்கூட சாமி படங்களுக்குப் பக்கத்தில் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர்! "யாருங்க இது?" என்று கேட்டால், "நாங்க சோறு திங்குறதே அவராலதான்" என்று பதில் வரும்.

அவர்தான் கர்னல் ஜான் பென்னிகுயிக். 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்த ஆங்கிலேயப் பொறியாளர்.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்தது. அதை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்புவதுதான் திட்டம். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 வருடக் குத்தகை கையெழுத்தானது. 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது. வெள்ளம் தற்காலிக அணைகளை அடித்துக்கொண்டு போனது. காட்டு விலங்குகள், மலேரியா, காலரா எல்லாம் இதற்கு நடுவேதான்.

இந்தத் தண்ணீரில்தான் இன்றும் கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. மதுரை, ராமநாதபுரம் பக்கம் வரை பயன் போகிறது.

ஆகவே புதிதாக வருபவர்கள் சில பழக்கங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. பென்னிகுயிக்கை "அவன், இவன்" என்று பேசக் கூடாது. ஜனவரி 15 அன்று பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவருக்காகப் பொங்கல் வைப்பார்கள். கூப்பிட்டால் தவறாமல் போக வேண்டும். பாசனத்துக்கு மதகு திறக்கும்போது வருகிற தண்ணீரில் பூத்தூவிக் கும்பிடுவார்கள். பையனுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைத்திருந்தால் சிரிக்காதீர்கள்!

இன்னொரு விஷயம். அரசு பணம் தர மறுத்ததும் அவர் இங்கிலாந்து போய்த் தன் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சென்னை மாகாண அரசின் பணத்தில்தான் அணை கட்டப்பட்டது என்பதே ஆவணங்கள் சொல்வது. சொத்து விற்றதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் இதை ஒரு பெரியவரிடம் திண்ணையில் உட்கார்ந்து வாதாடுவது மரியாதை ஆகாது. பஞ்சத்தைப் பார்த்த தலைமுறை, வயிறு நிறைந்த நன்றியை ஒரு கதையாக்கி வைத்திருக்கிறது. கதை சரியில்லை என்பதால் நன்றி பொய்யாகிவிடாது.

ஆனால் அந்த நன்றியில் ஒரு பங்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அணை வேலையில் நோயில் செத்த நூற்றுக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். பென்னிகுயிக்குக்கு லோயர்கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனி பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான். கல் சுமந்தவர்களுக்கு எந்த வீட்டிலும் படம் இல்லை, பெயர்கூடத் தெரியாது.

அடுத்த பொங்கலுக்கு ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை அவர்களை நினைத்தும் வைக்கலாமே!